தட்டிப் பார்த்து வாங்கிய கிடார்

கடைச் சுவரில் இரண்டு கிடார்கள் தொங்கின. சிவப்புக் கிடார் பளபளத்தது, ஆனால் வெறும் பிளைவுட். மற்றது பார்க்கச் சோகையாக இருந்தாலும் நல்ல மரம். விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

வாங்க வந்த வித்யாதரன் பலகையைத் தட்டிக் காது கொடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். "மினுக்கு எதுக்குங்க? என் பட்ஜெட்டுக்குள்ள நல்ல நாதம் வேணும்" என்று மரக் கிடாரையே எடுத்தார்.

மரக் கிடாருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா, விஷயம் தெரிஞ்ச மனுஷன்! உன்னை எவனாவது வாங்கி நாள் பூரா போட்டு அடிக்கப் போறான்" என்று சிவப்பிடம் சொல்லிவிட்டுப் போனது.

வீட்டில் வித்யாதரன் ஒரு வாரம் வாசித்தார். இரும்புக் கம்பி விரல் நுனியைப் பதம் பார்த்தது. கிடார் உறைக்குள் போய் பீரோ மேல் ஏறியது. அங்கே ஏற்கெனவே ஒரு கீபோர்டு தூசியில் படுத்திருந்தது.

"என்னையும் இப்படித்தான் தம்பி, பத்துக் கடை ஏறி இறங்கி வாங்கினார்" என்றது கீபோர்டு.

"இனிமே எடுக்கவே மாட்டாரா அண்ணே?"

"எடுப்பார். வருஷத்துக்கு ஒரு நாள் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பூப் போட்டுக் கூடத்துல வைப்பார்."

கிடாருக்கு உயிர் வந்தது. "அன்னிக்கு வாசிப்பாரா?"

"அன்னிக்கு சரஸ்வதி பூஜை தம்பி. வாத்தியத்தைத் தொடக் கூடாது."