தினம் ரெண்டு பத்துக்கு

"யாரோ எழுப்புறாங்கம்மா. ஒரு மாசமா, தினம் ரெண்டு பத்துக்கு," என்றான் ரிப்பேர் கடை தர்மன், லேப்டாப் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிரியதர்ஷினிக்குத் திக்கென்றது. காலையில் லேப்டாப்பை மூடித் தூங்க வைத்துவிட்டு ஏனாத்தூர் காலேஜுக்குப் பஸ் ஏறுவாள். சாயங்காலம் வந்து தொட்டால் சனியன் கொதித்துக்கொண்டிருக்கும், பேட்டரியில் சொட்டு சார்ஜ் இருக்காது. கரண்டும் அந்த நேரம் பார்த்துத்தான் போய்த் தொலையும். பிராஜெக்ட் கொடுக்க இன்னும் மூன்றே வாரம்.

செகண்ட்ஹேண்டில் வாங்கி, சீனியர் பையன்கள் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்த லேப்டாப். கம்பெனி சர்வீஸில், "அந்த சிஸ்டத்துக்கெல்லாம் எங்க சப்போர்ட் கிடையாது" என்று கையை விரித்துவிட்டார்கள். மவுஸைக் கழற்றி மாட்டினால்கூட மறுபடி கண்டுபிடிக்காது என்பதால், அது எப்போதும் மாட்டியபடியே இருக்கும். சின்ன காஞ்சிபுரத்தில் தர்மன் ஒருத்தன்தான் இதற்கெல்லாம் கதி.

"இங்க மூணு நாள் மவுஸோட வெச்சிருந்தேன், குழந்தை மாதிரி தூங்குச்சு. உன் வீட்லதான் முழிச்சிக்குது. மவுஸ் அசைஞ்சு எழுந்ததா பதிவாகியிருக்குது பாரு. அந்த நேரத்துல வீட்ல யாரு?"

"அப்பா மட்டும்தாண்ணா. அம்மா ரெண்டு மணிக்கு மெஸ் வேலைக்குப் போயிடும்."

அப்பா வீரபாகுவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். ஆறு மாதத்துக்குத் தறிப்பக்கமே போகக்கூடாது, மீறினால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாதியில் நின்ற சேலையை வேட்டி போட்டு மூடி, அப்பாவின் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கியவளே இவள்தான். அவர் நல்லபடியாகத் தேறிவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தாள். சும்மா இருக்கமாட்டாத மனுஷன், தறிக்காலில் ஆணி அடித்து லேப்டாப்புக்கு ஒரு பலகை போட்டுக் கொடுத்திருந்தார். படுத்துப் படுத்து அலுத்துப்போய் அதை நோண்டுகிறாரோ, பாவம்?

அன்று சாயங்காலம் கேட்டேவிட்டாள்.

"நான் எதுக்குமா அதைத் தொடப்போறேன்? உன் தலைமேல சத்தியமா என் கை அதும்மேல பட்டதில்ல," என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை.

மறுநாள் தர்மன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "வீட்ல எலி கிலி ஓடுதோ என்னவோ. எதுவா இருந்தா என்னம்மா? எழுப்புற வழியையே அடைச்சுடறேன்." இரண்டே வரிதான் தட்டினான். "இனிமே மவுஸ் குட்டிக்கரணம் போட்டாலும் இது எழுந்துக்காது, போ."

எழுந்துகொள்ளவே இல்லை. மூடியது மூடியபடி, சில்லென்று, முழு சார்ஜோடு ஒன்பது நாள் தூங்கியது. அவளும் நிம்மதியாக பிராஜெக்ட் எழுதினாள். "சரியாயிடுச்சாமா?" என்று அப்பாகூட விசாரித்தார்.

பத்தாம் நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், தெருவே அவள் வீட்டு வாசலில் நின்றது. அப்பா நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடியே தறியில் சாய்ந்துபோயிருந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு தர்மன் வந்தான். அவனைக் கண்டதும் அம்மா அம்சாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரே ஒரு நாள் உக்காந்தாருபா! அதுலயே எமன் வந்து கூட்டிக்கினு போயிட்டானே! பாழாப்போன தறி!" என்று தறிக்காலை ஓங்கி ஓங்கி அறைந்தாள்.

அதில் அடித்திருந்த பலகை அதிர்ந்தது. மூடிக்கிடந்த லேப்டாப்பின் பக்கத்தில் மவுஸ் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. தர்மன் அதையே பார்த்தான். அவன் கண் அங்கிருந்து தறிக்குப் போனது.

பிரியதர்ஷினியும் பார்த்தாள். எழுந்து போய், தறிமேல் கிடந்த வேட்டியை விலக்கினாள். பாதியில் நின்றிருந்த சேலையில் முந்தானை தொடங்கியிருந்தது. ஒரே நாளில் நெய்கிற நெசவா அது?

அவள் மவுஸை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"லேப்டாப் சரியாத்தாண்ணா இருந்துது."