மசகட்சு வீட்டு நேர்வாள்

மசகட்சு கெட்டித் தேநீரில் துணியை நனைத்து வாளின் பிடியில் தடவிக்கொண்டிருந்தார். சாயம் மங்காமல் இருந்தால்தான் இருநூறு வருஷத்துச் சரக்கு மாதிரி இருக்கும். பல்கலைக்கழகத்து அம்மாள் வரும் பஸ் இந்நேரம் நிஞ்சாக்களுக்குப் பேர்போன இகா ஊருக்குள் நுழைந்திருக்குமே என்று அவசர அவசரமாக விசிறிக் காயவைத்தார்.

ஏமாற்று வேலைதான், சந்தேகமே இல்லை. தெருமுனையில் நிஞ்சா வித்தை காட்டியவர்கள் கடையைக் கட்டியபோது தூக்கி எறிந்த வாள் அது. என் பாட்டனுக்குப் பாட்டன் கட்டியிருந்தது என்று கடைத்தெருவில் மசகட்சு சும்மா அளந்துவிட்டார். அதைக் கேட்டு, ஆராய்ச்சி செய்கிறேன் என்று நிஷிவாகி அம்மாள் ஒருநாள் வாசலில் வந்து நின்றார். ரெண்டு வருஷமாக மாதாமாதம் வருகிறார்.

பணத்துக்காக இல்லை, பாவம். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் டிவிதான். ஒசாகாவில் இருக்கும் மகன் புத்தாண்டுக்கு ஒரு போன் செய்தால் அதிசயம். பொய் என்று தெரிந்தால் இந்த அம்மாளும் வரமாட்டார்.

வந்தார். அடியில் கணப்பு வைத்த மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாளை ஆராய்கிறவர்கள் முதலில் பிடியைக் கழற்றித்தான் பார்ப்பார்கள். செய்தவன் பெயர் உள்ளேதான் இருக்கும். இந்த அம்மாள் ஒருநாளும் கழற்றச் சொன்னதில்லை. தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார் மசகட்சு.

"ஐயா, நூறு தடவை சொல்லிட்டேன். நிஞ்சாவுக்குன்னு இப்படி நேரா ஒரு வாள் இருந்ததுக்கு ஆதாரமே கிடையாது. எல்லாம் சினிமாக்காரங்க பண்ண கூத்து."

"எங்க பாட்டனார் என்ன, சினிமாவுலயா நடிச்சார்?"

"வேவு பாக்கப் போறவன், 'நான்தான் நிஞ்சா, வந்து பிடிங்க'ன்னு சொல்ற மாதிரி ஒரு வாளைச் சொருகிட்டுப் போவானா? ஊர்ல எல்லாரும் வச்சிருந்த வளைஞ்ச வாள்தான் அவனுக்கும். விவசாயி வேஷம்னா வெறும் அரிவாள்."

"எங்க பாட்டனார் கொஞ்சம் பிடிவாதக்காரருங்க."

அம்மாள் சிரித்துவிட்டார். மசகட்சு அந்த ஊர்க் கல் ரொட்டியைச் சுத்தியலால் தட்டி உடைத்து நீட்டினார். "பாத்துக் கடிங்க. பல்லு போனா நான் பொறுப்பில்லை."

அதை வாங்க அம்மாள் எட்டியபோது மடியிலிருந்த வாள் சரிந்து தரையில் மோதியது. பிடியை இறுக்கியிருந்த காய்ந்த மூங்கில் ஆணி தெறித்தது, பிடி தனியாகக் கழன்று வந்தது. உள்ளே பளபளவென்று புதுத் தகடு. அதில் பொம்மைக் கம்பெனியின் முத்திரை.

மசகட்சுவுக்கு உயிரே போய்விட்டது.

"மன்னிச்சிருங்க புரொபசரம்மா. பாட்டனும் இல்ல, பூட்டனும் இல்ல. நீங்க வந்தா நாலு வார்த்தை பேசலாமேன்னுதான் புளுகினேன். இவ்வளவு தூரம் உங்களை வீணா அலைய வச்சுட்டேன்." கண் கலங்க, நெற்றி மேசையில் படும்படி குனிந்தார். இனி அந்த வீட்டில் டிவி மட்டும்தான்.

நிமிர்ந்து பார்த்தால், அம்மாள் பிடியை மறுபடி மாட்டி, ஆணியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"முதல் நாளே தெரியும்ங்க."

"தெரிஞ்சுமா வந்தீங்க? அப்ப உங்க ஆராய்ச்சி?"

அம்மாளின் முகம் சிவந்துவிட்டது. வாளை மெல்ல அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உங்க வாசல்ல முதல்ல வந்து நிக்கறதுக்கு முன்னாடியே நான் ரிடையராயிட்டேங்க."