சென்னியப்பனுக்காக ஊதியது

மூச்சை அளக்கிற மெஷினின் குழாயை வாயில் வைத்ததும் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று.

பஸ்ஸிலேயே சொல்லித்தான் கூட்டி வந்திருந்தேன்.

"நல்லா ஊதிப்போடாதீங்க. வர்ற அளவுக்கு வந்தாப் போதும். நுரையீரல் கெட்டது கம்பெனித் தூசியாலன்னு டாக்டரம்மா எழுதினாத்தான் நஷ்டஈடு."

"அதெப்படி புள்ள மெல்ல ஊதறது? பழக்கமே இல்லியே."

கண்ணை மூடினார். தோளைத் தூக்கினார். கழுத்து நரம்பு புடைக்க ஊதினார்.

திரையில் ஒரு கோடு கொஞ்சம் எழுந்து, படுத்துக்கொண்டது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சையில் தோற்ற பையன் முகம். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. சேலைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்துவிட்டேன்.

இன்றைக்கும் கண்ணை மூடினால் வருவது அந்த முகம்தான். மாலை போட்டு மாட்டியிருக்கிற முகம் இல்லை.

அவர் வேலை பார்த்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியில், வருஷத்துக்கு ஒருமுறை ஊதும் நாள் வரும். கம்பெனி பணம் கொடுத்து ஆராய்ச்சிக்காரர்களை வரவழைக்கும். கம்பெனி காரில் வந்து, கம்பெனி விடுதியில் சாப்பிட்டுவிட்டு, மெஷினைத் திறந்து வைப்பார்கள்.

இருமுகிறவர்களுக்கு அன்று சம்பளத்தோடு லீவு. கொஞ்ச நாளில் வேலையும் இருக்காது.

ஒரு வருஷம் சென்னியப்பன் அண்ணன் இருமலை விழுங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். மூட்டை பிரித்துக் கொட்டுகிற இடத்தில் என் வீட்டுக்காரரோடு ஜோடியாக வேலை பார்த்தவர். அண்ணன் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள்.

முறை வந்தது. ஊதினார். ஒன்றும் வரவில்லை.

ஏற்கெனவே ஊதி முடித்திருந்த இவர், பின்னாலிருந்து எட்டிக் குழாயை வாங்கிக்கொண்டாராம்.

"நானும் சென்னியப்பன்தானுங்க."

எல்லோரும் சிரித்தார்களாம். ஆராய்ச்சிக்காரரும் சிரித்தாராம். சிரித்துக்கொண்டே அதைச் சென்னியப்பன் பேரில் எழுதிக்கொண்டாராம்.

அடுத்த வருஷம் சூப்பர்வைசரே கூப்பிட்டார். "வாடா. உன்ற மூச்சு ஒண்ணே கம்பெனிக்குப் போதும்."

அதன் பிறகு முடியாதவர்களுக்கெல்லாம் ஊதுவது இவர்தான்.

ஊதும் நாள் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வருவார். தலைமுடியில் வெள்ளையாகத் தூசி.

"பாரு புள்ள, ஊதி ஊதிக் கிழவனாயிட்டேன்."

முடியைத் தட்டிவிடுவேன். நெஞ்சுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவேன். கூச்சத்தில் நெளிவார்.

எத்தனை பேரின் வேலையைக் காப்பாற்றிவிட்டார் என்று எனக்கும் பெருமைதான்.

நஷ்டஈட்டுக்காகப் பார்க்கப் போன டாக்டரம்மா சின்ன வயசு. நல்ல மாதிரி. கம்பெனி அனுப்பியிருந்த அறிக்கையைப் புரட்டிக்கொண்டே தயங்கினார்.

"ஐயா, உங்க கம்பெனி ஆளுங்க நுரையீரல், வெளியில இருக்கறவங்களுதை விட நல்லா இருக்குன்னு ஆராய்ச்சியே வந்திருக்கு. இந்தத் தூசியால யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு போட்டிருக்காங்க. பல வருஷக் கணக்கு. இதைத் தாண்டி நான் என்னன்னு எழுதறது?"

சென்னியப்பன் அண்ணன் செத்த பிறகு அவர் சம்சாரம் போட்ட மனுவும் இதே அறிக்கையைக் காட்டித்தான் திரும்பி வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துச் சொன்னேன்.

இவர் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார். அதில் ஒரு கோடு நிமிர்ந்து மேலே ஏறியிருந்தது. விரலை அதன்மேல் மெதுவாக ஓட்டினார். கல்யாண ஃபோட்டோவைத் தடவுகிற மாதிரி.

"நல்லாத்தான் ஊதியிருக்கறனுங்க" என்றார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னீங்க?"

"அது... சென்னியப்பனுக்கு..."

அதற்கு மேல் மூச்சு எட்டவில்லை. மேஜைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்து, ஒருமுறை அழுத்தினார்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

மீதியைச் சொல்ல நான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டேன்.