முப்பத்தேழாவது பிழை

லோகப்பிரியாவின் புது நாவலில் முப்பத்தேழு பிழைகள் இருப்பதாக ஓர் இணைய இதழில் கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் நொய்யலான்.

அப்படி ஓர் எழுத்தாளரைக் கோயமுத்தூரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கிருபாசங்கருக்கு மட்டும் தெரியும். நொய்யலான் அவரேதான்.

அவருக்குப் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை. இருபத்தைந்து வருடமாகச் சிறுகதை மட்டும்தான் எழுதுகிறார். இரண்டு தொகுப்புகள் வந்து, பாதிப் பிரதிகளுக்கு மேல் வீட்டுப் பரணிலேயே இருக்கின்றன.

காரமடைக்காரி லோகப்பிரியாவும் அவரும் ஒரே வாசகர் வட்டத்தில்தான் எழுத ஆரம்பித்தார்கள். அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. பேய்க்கதை எழுதினாள், துப்பறியும் கதை எழுதினாள், குழந்தைகளுக்கு எழுதினாள். ஒரு வார இதழில் ஊறுகாய் போடுவது எப்படி என்றுகூட எழுதினாள். அப்போதெல்லாம் கிருபாசங்கர் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது உடுமலைத் தேங்காய் மண்டியை வைத்து ஒரு நாவல். நாலு மாதத்தில் முதல் பதிப்பு தீர்ந்துவிட்டது. கோவை இலக்கியத் திருவிழாவில் அவளுக்குத் தனி அமர்வு என்று அழைப்பிதழ் வாட்ஸப்பில் வந்தது. கிருபாசங்கர் அதைப் பெரிதாக்கி மூன்று நாளின் நிகழ்ச்சியையும் தேடினார். அவர் பெயர் எங்குமே இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி புவனா அந்த நாவலைக் கையில் எடுத்தாள். குக்கர் எட்டு விசில் அடித்தும் எழுந்திருக்கவில்லை. பருப்பு அடிப்பிடித்துப் புகைந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்னமா எழுதிப்போட்டாங்க பாருங்க" என்றாள்.

அவருடைய தொகுப்பில் அவள் முதல் கதையைத் தாண்டியதில்லை.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுச் சிவப்பு பேனாவோடு உட்கார்ந்தார். நாவலை இரண்டு முறை படித்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விதவையாக இருந்த பெரியம்மா, இருநூற்று மூன்றாம் பக்கத்தில் புருஷனுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு வந்த சந்தோஷம், சொந்தக் கதை அச்சில் வந்தபோதுகூட வந்ததில்லை.

கட்டுரை ஊரெல்லாம் சுற்றியது. அவரே லோகப்பிரியாவுக்குப் போன் போட்டு ஆறுதலும் சொன்னார். யாரோ வயிற்றெரிச்சல் பிடித்தவன், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அவள் பரவாயில்லை என்றாள்.

திருவிழாவன்று மூன்றாவது வரிசையில் இடம் பிடித்தார். அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

அமர்வை நடத்தியவர் பேராசிரியர் ரங்கராஜ். அரை மணி நேரம் புகழ்ந்துவிட்டு, அந்தக் கட்டுரையை எடுத்தார். கிருபாசங்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

லோகப்பிரியா முகம் மாறவில்லை. "அவர் சொன்னதெல்லாம் சரிதானுங்க. நானே நாலு தடவை திருத்தியும் அந்தப் பெரியம்மா என் கண்ணுல படலைங்க. இவ்வளவு பொறுமையாப் படிச்சதுக்கு அவருக்கு நான் நன்றி சொல்லோணும். ரெண்டாம் பதிப்புல முப்பத்தாறைத் திருத்திட்டேனுங்க."

"ஒண்ணை விட்டுட்டீங்களே?" என்றார் ரங்கராஜ்.

"அதைத் திருத்த மாட்டேனுங்க."

ரங்கராஜ் அந்தக் கடைசிக் குற்றச்சாட்டைச் சத்தமாகப் படித்தார். "'அக்கா போன பிறகு வீட்டில் சத்தம் கூடிவிட்டது' என்று எழுதுகிறார். ஆள் போனால் சத்தம் குறையும். இதுகூடத் தெரியாதவர் நாவல் எழுத வந்துவிட்டார்."

அரங்கில் சிலர் சிரித்தார்கள். கிருபாசங்கரும் சிரித்தார்.

"அந்த வரி என்னோடது இல்லீங்க," என்றாள் லோகப்பிரியா. "எங்க வாசகர் வட்டத்துல அப்ப கையெழுத்துப் பத்திரிகை ஒண்ணு நடத்துனோம். அதுல ஒரு கதை. அக்கா கல்யாணமாகிப் போன ஊட்டுல, அதுவரைக்கும் காதுல விழாத கடிகாரமும் குழாய்ச் சொட்டும் தம்பிக்குக் கேட்க ஆரம்பிக்கும். அதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு எறங்கலைங்க. நாமளும் எழுதோணும்னு தோணுனது அப்பத்தான். அதுக்கு மரியாதையாத்தான் அந்த வரியை அப்படியே வெச்சேன். புஸ்தகத்தோட கடைசிப் பக்கத்துல சொல்லியும் இருக்கறேனுங்க. எழுதுனவர் இங்கதான் இருக்கறாரு. கிருபாசங்கர் அண்ணன்."

கிருபாசங்கருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அது அவருடைய முதல் கதை. முதிர்ச்சி இல்லை என்று எந்தத் தொகுப்பிலும் சேர்க்காமல் விட்டவர், பிறகு மறந்தே போயிருந்தார். நாவலின் கடைசிப் பக்கத்தையும் அவர் பார்க்கவில்லை. அங்கே பிழை எதுவும் இருக்காதென்று விட்டிருந்தார்.

அரங்கம் அவர் பக்கம் திரும்பிக் கைதட்டியது. எழுந்து கும்பிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக இத்தனை பேர் அவருக்காகக் கைதட்டினார்கள். அவருக்குத் தலை நிமிரவில்லை.

அமர்வு முடிந்ததும் இரண்டாம் பதிப்பில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு கையெழுத்து வரிசையின் கடைசியில் நின்றார். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் நின்றார். முறை வந்தபோது புத்தகத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்ததோடு சரி.

லோகப்பிரியா கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். பிறகு பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்:

"அந்த ஒரு வரி நல்ல வரிதானுங்ணா. நொய்யலான்கிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க."