குளம்புள்ள சிங்கம்

"நம்ம சிங்கத்துக்கு ஏன் குளம்பு இருக்கு, அப்பா?"

கேட்டபோது மகளுக்கு ஐந்து வயது. கோயிலில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது.

பதிலுக்குப் பண்ணையார் அவள் வாயில் ஒரு பேரிக்காய் வற்றலைத் திணித்தார்.

பன்னிரண்டு வருடம் கழித்து, அதே சிங்கத்தின் முன், லண்டனிலிருந்து வந்த அதிகாரி தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

பண்ணையாருடைய கொள்ளுத்தாத்தாவின் கல்லறைக்கு மேல், குடும்பச் சின்னமாகக் கல்லில் கொத்திய கேடயம். அதில் தங்க நிறப் பிடரியோடு ஒரு சிங்கம். நான்கு காலிலும் குளம்பு.

அரசர் அனுப்பிய ஆள் அவர். உண்மையான கனவான் யார், அந்தப் பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டவர் யார் என்று ஊர் ஊராகப் பார்ப்பது வேலை. தேறாதவரின் பெயரைச் சந்தையில் உரக்கப் படிப்பார்கள். போன மாதம் பக்கத்து ஊர்ப் பண்ணையாருடைய பெயரைப் படித்தார்கள். மறுநாள் சவரம் செய்ய வந்தவரே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம்.

மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றுதான். வம்சம்.

பண்ணையார் தயாராக வந்திருந்தார். புதுக் கறுப்பு வெல்வெட் மேலங்கி. முதுகில் தங்க இழையில் சிங்கம். கையில் ஏழு முழத் தோல்சுருள். அதில் அவர் குடும்பம் நோவாவின் பேழையில் தொடங்கியது.

அதிகாரி சுருளை மேலிருந்து கீழே பார்த்தார்.

"பேழையில எல்லாரோட முன்னோரும்தான் இருந்தாங்க."

பிறகு ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டார்.

பழைய எழுத்து. அந்தக் கோழிக்கிறுக்கலைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான், கோயில்பிள்ளை ஆம்ப்ரோஸ். மணி அடிப்பது, விளக்கேற்றுவது, கல்லறை தோண்டுவது எல்லாம் அவரே.

ஆம்ப்ரோஸ் விரலை வைத்துத் தேடினார். கொள்ளுத்தாத்தாவின் பெயரில் விரல் நின்றது.

நெடுநேரம் நின்றது.

"தகப்பன் பேரை எலி தின்னுடுச்சு, ஐயா."

அதிகாரி புருவத்தை உயர்த்தினார்.

"பெரிய எலி" என்றார் ஆம்ப்ரோஸ்.

இருபது வருடத்தில் அந்த மனிதர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. பழக்கமில்லாததால் சரியாகவும் வரவில்லை. காது சிவந்திருந்தது. பதிவேட்டின் மேல் விரல் நடுங்கியது.

பண்ணையார் அந்த விரலைப் பார்த்தார். தனக்காக ஒருவர் கடவுளின் வீட்டில் நின்று நடுங்குகிறார்.

சந்தை கண்ணில் வந்து போனது. மகளும்.

"எலி எதுவும் இல்ல. உள்ளதைப் படிப்பா."

ஆம்ப்ரோஸ் படித்தார்.

'ஆட்டுப்பட்டியில் கிடைத்த ஆண் குழந்தை. பெற்றோர் தெரியாது. கடும் பனி. ஓர் ஆடு இரவெல்லாம் அணைத்துப் படுத்திருந்ததால் பிழைத்தது.'



தோல்சுருள் தானாகவே சுருண்டுகொண்டது.

அதிகாரி ஒரு முக்காலியைக் கேட்டு வாங்கி, ஏறி நின்றார். பேனாக்கத்தியால் சிங்கத்தின் பிடரியை மெல்லச் சுரண்டினார். தங்க நிறம் செதில் செதிலாக உதிர்ந்தது. கீழே கல்லில் கொத்திய சுருட்டை ரோமம்.

பிடரிக்கு அடியில் இரண்டு சின்னக் காதுகள்.

கொள்ளுத்தாத்தா ஆட்டைத்தான் கொத்தச் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த யாரோ வெட்கப்பட்டு வர்ணம் அடித்திருக்கிறார்கள். குளம்பை மறந்துவிட்டார்கள்.

அதிகாரி கல்லறையில் இருந்த வருடத்தைப் படித்து விரல்விட்டு எண்ணினார். அறுபத்து மூன்று. அறுபது வருடம் பொதுவில் வைத்திருந்த சின்னம் அந்தக் குடும்பத்துக்கே சொந்தம் என்பது விதி.

"சிங்கம் உங்களோடது இல்ல" என்றார். "ஆடு உங்களோடதுதான்."

முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுக் குதிரையேறினார். மாப்பிள்ளை வீட்டாருக்கு முத்திரை போதுமாயிருந்தது. அதில் என்ன மிருகம் என்று அவர்கள் கேட்கவேயில்லை.

பண்ணையார் வயல் வழியாக நடந்தே வீடு திரும்பினார். வழியில் பனி கொட்டத் தொடங்கியது.

பட்டியில் ஓர் ஆடு அன்று காலைதான் குட்டி போட்டிருந்தது. கூரையில் ஓட்டை. மேய்ப்பர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தாய் குட்டியின் மேல் குறுக்கே படுத்திருந்தது. அதன் முதுகு வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

அவர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் இல்லை.

மேலங்கியைக் கழற்றி, இரண்டின் மேலும் போர்த்தி, ஓரங்களை வைக்கோலுக்குள் செருகினார். தங்கச் சிங்கம் ஆட்டின் முதுகில் கொஞ்சம் மூச்சுவிட்டது.

தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு சட்டையோடு, நடுங்கிக்கொண்டு, வீட்டுக்கு ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் மகள் மேலங்கி எங்கே என்று கேட்டாள்.

"எலி தின்னுடுச்சும்மா."

மணிக்கயிற்றைப் பிடித்திருந்த ஆம்ப்ரோஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று கோயில் மணி கொஞ்சம் தாமதமாக அடித்தது.