ஒருநாள் சட்டை

“ஃபாதர், இது மேட்ச்ல போட்ட சட்டையே இல்ல. கடைச் சரக்கு!”

கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்த சட்டையைப் புரட்டிப் பார்த்து ஸ்டூவர்ட் சத்தமாகவே சொன்னான். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, மீன் சாப்பாட்டுக்கு வந்திருந்த பங்கு மக்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

லொரெய்னுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கையிலிருந்த கோஸ் சாலட் கிண்ணத்தை ணங்கென்று மேசையில் வைத்தாள்.

“வாயை அளந்து பேசு. அது என் பையன் கீத் போட்ட சட்டை. பேஸ்பால் பெரிய லீக்ல அவன் ஆடின ஒரே ஆட்டம். மில்வாக்கி முழுக்க டீவியில பார்த்துச்சு!”

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் டீம் அந்தக் காலத்து உடுப்பில் இறங்கும். கீத்துக்கு வாய்ப்பு வந்தது அந்த நாளில்தான். அப்புறம் தோள்பட்டை போனது, பேஸ்பாலும் போனது. வலி மாத்திரையில் தொடங்கி எங்கெங்கோ விழுந்து, கடவுள் புண்ணியத்தில் இப்போது எழுந்து நிற்கிறான். பங்குப் பள்ளிப் பையன்களுக்கு இனி அவன்தான் கோச் என்று சாப்பாடு முடிந்ததும் ஃபாதர் அறிவிக்க வேண்டும். அவனோ சமையல்கட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்தான்.

கூடத்துக் கூரை ஒழுகுகிறது, அங்கே சுவரில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கீத்தின் சட்டையை ஏலம் விடலாமா என்று ஃபாதர்தான் ஸ்டூவர்ட்டிடம் கேட்டார். ஆட்டக்காரர்களின் பழைய ஜெர்சிகளை வாங்கி விற்கிறவன் அவன்.

“கோபப்படாதீங்கம்மா, நீங்களே பாருங்க. ஆட்டக்காரனுக்குத் தைக்கிறப்ப பின்பக்கம் நீளமா விடுவாங்க, ஓடும்போது பேன்ட்டை விட்டு வெளிய வராம இருக்க. இது குட்டை. கழுத்துல கடை லேபிளைப் பிரிச்ச ஊசி ஓட்டை. அதை விடுங்க, இந்தத் தோளைப் பாருங்க! ஒரே ஒரு நாள் போட்ட சட்டை நாலு வருஷம் போட்ட மாதிரி தேய்ஞ்சிருக்கு. பழசாத் தெரியணும்னு எவனோ செங்கல்ல போட்டுத் தேச்சிருக்கான், மடையன்!”

கூடமே சிரித்தது.

“ஏன் லொரெய்ன், உன் வீட்டு வாஷிங் மெஷின் அவ்வளவு முரடா?” என்றாள் பக்கத்து மேசை ரோசலி.

“சிரிடி, நல்லாச் சிரி! ஏன்யா ஸ்டூவர்ட், நீ மீன் தின்ன வந்தியா, எங்க மானத்தைத் தின்ன வந்தியா?”

சத்தம் கேட்டுச் சமையல்கட்டு வாசலுக்கு கீத் வந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது.

“அம்மா, அந்தச் சட்டை வந்து...”

“உன்னை யாரு கூப்பிட்டா? எண்ணெய் கருகுது, உள்ள போ!”

போனான். கதவு மூடிக்கொண்டது.

“சரிம்மா, இது கடைச் சட்டை. அப்போ அசல் எங்க?” ஸ்டூவர்ட் விடவில்லை.

லொரெய்ன் வாயைத் திறப்பதற்குள் அவள் புருஷன் வெர்னன் எழுந்துவிட்டார்.

“நான்தான் வித்தேன். காசைக் கேசினோவுல சூதாடி விட்டுட்டேன். கடையில ஒண்ணு வாங்கி, கராஜ்ல வெச்சுத் தேச்சு, பெட்டியில மாட்டினேன்.”

சிரித்தவர்களெல்லாம் முகம் சுளித்தார்கள்.

“இந்தக் கையாலதானே ஞாயித்துக்கிழமை காணிக்கைத் தட்டு எடுக்கிறாரு?” யாரோ கேட்டார்கள்.

ஃபாதர் தலை குனிந்தார். “வெர்னன்... இனிமே தட்டை வேற யாராவது எடுக்கட்டும்.”

கீத்தின் பெயரை அறிவித்தபோது கைதட்டல் பாதிதான் வந்தது. ஆனாலும் வந்தது.

காரில் ஏறியதும் கதவை அறைந்து சாத்தினாள் லொரெய்ன்.

“கேசினோவா? பிங்கோ அட்டை வாங்கவே கை நடுங்கற ஆளு நீங்க! முப்பது வருஷமாத் தட்டு எடுத்த மனுஷன், இப்படி ஊர் முன்னாடி தலையைக் குனியலாமா? யார் கேட்டா உங்களை?”

“கத்தாதே. நான்தான் வித்தேன்.” வெர்னன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “உனக்கு ஒண்ணும் தெரியாது, விடு.”

“எனக்கா தெரியாது? பந்துக்குப் பாய்ஞ்சு விலாவுல கிழிச்சுக்கிட்டு வந்தானே, அந்தச் சட்டையைத் தைச்சது யாரு? வாராவாரம் அந்தப் பெட்டியைத் துடைக்கிறது யாரு? என் தையல் இல்லாத சட்டை தொங்குதுன்னு முதல் வாரமே பார்த்துட்டேன்!”

வெர்னன் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“மாத்திரைக்காக நம்ம பிள்ளையே எடுத்து வித்துட்டான்னு தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்களேன்னுதான்யா, இத்தனை வருஷமா அதை அசல்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்!”