லுங்கித் துண்டின் அக்கறை

ஒரு கிழட்டு வேனின் எஞ்சினுக்கு விநோதமான வியாதி. சமதரையில் ஜோராக ஓடும். மேடு வந்தால் பாதியில் திணறி நின்றுவிடும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது ஒரு குறையும் இருக்காது.

"எல்லாம் கண் திருஷ்டி," என்றது முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழம். "ஒரு புது லாரி உன்னையே பார்த்துக்கிட்டிருந்துச்சு."

"இன்னொரு தடவை நின்னா என்னை எடைக்குப் போட்டுடுவாங்க," என்று எஞ்சின் புலம்பியது.

"கவலைப்படாதீங்க அண்ணே, நான் இருக்கேன்," என்று டீசல் டேங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. மூடி தொலைந்த அன்று டிரைவர் டேங்க் வாயில் அடைத்த பழைய லுங்கித் துண்டு அது. என்றோ உள்ளே விழுந்துவிட்டது. "நீங்க மேட்டுல மூச்சு வாங்கினா முதல்ல ஓடி வர்றது நான்தானே."

"எங்கே வர்றே?"

"டீசல் போற குழாய் வாய்க்கு. முகத்தை நல்லா ஒட்ட வச்சு, 'என்ன அண்ணே ஆச்சு'ன்னு கேப்பேன். நீங்க பதிலே பேசாம நின்னுடுவீங்க. சரி, தூங்கட்டும்னு நானும் அடியில போய்ப் படுத்துக்குவேன்."

எஞ்சினுக்குப் பகீரென்றது. அதற்குள் அடுத்த மேடு வந்துவிட்டது.

"உனக்குப் புண்ணியமாப் போகும், இந்தத் தடவை மட்டும் வராதேடா," என்று கெஞ்சியது.

லுங்கித் துண்டுக்கு மனசு கேட்கவில்லை. அண்ணன் இப்படியெல்லாம் பேசுகிறார் என்றால் வியாதி முற்றிவிட்டது என்று பதறிப்போய், வழக்கத்தைவிட வேகமாக ஓடி வந்தது.